வலைப்பந்துக் கால்கள்

படிவத்தில் மூன்று பத்தி:
பெயர், உயரம், ஆயத்தமா.
மூன்றாவதில் ஒரு சின்னப் பெட்டி.
சரி என்றோ பிழை என்றோ
பேனையை ஒருக்கால் இழுத்தால் போதும்.
அதற்காகத்தான் நாலாவது சனிக்கிழமையாக
அறிவியல் நகரில் வெயில் குடிக்கிறேன்.

வளாகம் லீவு. கன்ரீன் பூட்டு.
முதலாம் வருடப் பெட்டைகள் பதினொரு பேர்.
எதிரே ஆசுப்பத்திரித் தாதியர் அணி:
இரவு வேலை முடித்து, மத்தியானம் வரை தூங்கி,
முழங்கையைத் தீட்டிக்கொண்டு வந்தவர்கள்.

முதல் பத்து நிமிடம்: பதினாறுக்கு இரண்டு.

எங்கள் பிள்ளைகள் பந்தைப் பிடித்ததும் நிற்கிறார்கள்.
பஸ்ஸுக்குள் யாரோ காலை மிதித்துவிட்டதுபோல
அந்த இடத்திலேயே.
பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் வலைப்பந்து.
பிடித்தால் நில். மூன்று எண்ணுமுன் எறி.
எதிராளியிடமிருந்து மூன்றடி தள்ளியே இரு.
அங்கே வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது;
இங்கே பலகை இருந்தும்
ஒருத்தியும் அதை நம்புவதில்லை.
வெறும் வளையத்தைப் பார்த்தே எறிகிறார்கள்,
சோளகம் பந்தைப் பாலை மரத்துப் பக்கம் கொண்டுபோகிறது.

டிலுக்சனா, ஒட்டுசுட்டான், ஐந்தடி ஒன்பது.
எல்லாருக்கும் மேலாக எழும்பிப் பந்தை எடுக்கிறாள்,
இறங்கி, இடிபட்டவளிடம் "சொறி அக்கா" என்கிறாள்.
அந்தச் சொறிக்குள் அக்கா பந்தைத் தட்டிக்கொண்டு
கூடைக்குள் போட்டுவிட்டும் வந்துவிடுகிறாள்.
ஓரத்தில் குறித்தேன்: சொறி, நாலு.

நெத்மி, குருநாகல்.
கூரைக்குக் கீழ் பழகிய அழகான கை.
இரண்டு எறி மரத்துக்கு.
மூன்றாவதுக்கு முன் குனிந்து,
ஒரு சிட்டிகை செம்மண்ணை எடுத்து விட்டுப் பார்த்தாள்.
பிறகு ஒரு சாண் இடப்பக்கமாக எறிந்தாள்.
காற்றுக்குப் படிவத்தில் பத்தி இல்லை.

சஃப்ரினா, முசலி, ஐந்தடி ஒன்று.
வாங்கில் இருந்தபடி என் சட்டையை இழுத்தாள்:
"அக்கா, எட்டாம் நம்பர் வலப்பக்கம் திரும்பமாட்டா.
முழங்கால் நோகுது அவவுக்கு."
நான் நாலு கிழமையாகப் பார்க்காதது.
இறக்கினேன்.
ஏழு நிமிடத்தில் நாலு பவுல்.
எட்டாம் நம்பருக்கு ஒரு புள்ளியும் இல்லை.

என் பெட்டியில் முதல் நாளே சரி போட்டார்கள்,
உயரத்தைப் பார்த்து.
பேராதனையில், ஒரு புள்ளி பின்னால்,
கடைசி நிமிடம் பந்து என் கைக்கு வந்தது.
நின்றேன்.

விசிலுக்கு ஒரு நிமிடம் இருக்க
டிலுக்சனாவுக்குப் பந்து.
வலது கால் உறைந்தது; தெரியும் எனக்கு அந்த உறைவு,
என் கணுக்காலிலேயே தெரிந்தது.
பிறகு பந்து தரையில் ஒருமுறை தட்டியது.
ஒரே ஒரு முறை.
எழும்பிப் பலகையில் அடித்தாள்.
பலகை அதிர்ந்து தூசி கொட்டியது,
பந்து வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி
வெளியே விழுந்தது.
அது விழுவதைப் பார்க்க அவள் அங்கே இல்லை,
யாருடைய காலையோ மிதித்துக்கொண்டு
எங்கள் பக்கம் திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள்.
சொறி சொல்லவில்லை.

ஐம்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு. தோல்வி.

பேனையைத் திறந்தேன், மூடினேன்.
பெட்டிக்குள் எழுத இடம் இல்லாததால் பக்கத்தில்:
பலகையை ஒருக்கால் நம்பினாள்.
திங்கட்கிழமை திருப்பி அனுப்புவார்கள்,
சரியா பிழையா என்று கேட்டு.

ஓட்டோவில் ஏறப்போன எட்டாம் நம்பர்
நொண்டியபடி திரும்பி வந்தா.
இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது அவவுக்கு.
"அந்தக் கட்டைப் பெட்டை ஆர்?" என்றா,
நீலம் பாரித்த கையைத் தடவிக்கொண்டு.
"அடுத்த சனியும் வருவாளோ?"