இடது பக்கம் இழுக்கிறது

கம்பெனி டிஸ்க் என்று சொல்லித்தான் விற்றான் தங்கச்சன்,
புனலூரில், ஆற்றைப் பார்த்த கடையில்.
இடது சக்கரத்துக்கு சீல் உடைக்காத அட்டைப்பெட்டி,
மெழுகுத் தாளுக்குள் எவர் கையும் படாத இரும்பு.
வலது சக்கரத்துக்கு?
"அதும் கம்பெனி தன்னே சாரே,
வேற வருஷம்."
மூன்று நாள் வெள்ளத்தில் நின்ற வண்டியில் கழற்றியது.
காலிப்பரின் பொந்துக்குள்
ஆற்று மணல் அப்படியே இருந்தது.

எனக்கு ஆரியங்காவில் வேலை. பால் சோதிப்பவன்.
கிழக்கேயிருந்து மலையேறி வரும் டேங்கர்களை நிறுத்தி
ஒரு குவளை மொண்டு, கண்ணாடிக் குச்சியை மிதக்கவிட்டு
எதில் தண்ணீர், எதில் மாவு என்று
விடிய விடிய எழுதுகிறவன்.
பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் காசை எண்ணிக் கொடுத்தேன்.

புளியரைப் பட்டறையில் நாகூர் மீரான் அளந்தான்.
இடது பிஸ்டன் நாற்பத்தெட்டு.
வலது நாற்பத்தைந்து.
"ஒரு காலுக்கு எட்டு, ஒரு காலுக்கு ஏழு.
செருப்புக் கடையில இப்படித் தந்தா வாங்குவீங்களா?"

வாங்கியாயிற்று.
எண்பத்தாறாம் வருஷப் பத்மினி
முன்கால்கள் இரண்டும் இல்லாமல்
மரக்கட்டைமேல் நின்றாள் பதினொரு நாள்.
இந்தப் பக்கம் போல்ட்டுக்குப் பதினேழு ஸ்பேனர்,
அந்தப் பக்கம் பத்தொன்பது.
ஹோஸின் மரை மில்லிமீட்டர், குழாயின் மரை அங்குலம்.
நடுவில் வைக்க
தென்காசி லேத்தில் ஒரு பித்தளைத் துண்டு கடைந்தோம்,
ஒரு முனையில் அந்தக் கணக்கு, மறுமுனையில் இந்தக் கணக்கு.
அதற்கு வாங்கிய கூலியில்
ஒரு டயர் வாங்கியிருக்கலாம்.

காற்று எடுக்கும்போது நான் ஸீட்டில்.
மீரான் அடியில் கிடந்து கத்துவான்: "மிதி!"
குப்பியைப் பிடித்திருந்த பிஜு கத்துவான்: "சவிட்டு!"
பிறகு இரண்டு பேரும் சேர்ந்து: "பிடி."
"விடு."
மலைக்கு இருபக்கமும்
மிதிப்பதற்குத்தான் வேறு வேறு சொல்.

கோட்டைவாசல்வரை ஏறினோம், பிரேக்கே தேவைப்படாமல்.
எல்லைப் பலகையில் திருப்பி இறங்கத் தொடங்கினோம்.
முதல் மிதியில் இடப்பக்கம் சாய்ந்தாள்.
அங்கே பாறை. பயமில்லை.
இரண்டாவது வளைவிலும் இடப்பக்கமே சாய்ந்தாள்.
அங்கே பாறை இல்லை.
கீழே வெகு தூரத்தில்
நாற்று நட்ட வயல், கைக்குட்டை அளவில்.
மீரான் ஒன்றும் சொல்லவில்லை,
கதவுப் பிடியை மட்டும் மெல்லத் தொட்டுக்கொண்டான்.

அடிவாரத்துக்கு வந்தபோது தீய்ந்த வாடை.
சாரல் விழுந்து சக்கரம் 'சுர்' என்றது.
காலை எடுத்து எவ்வளவோ நேரமாகியும்
பேட் டிஸ்க்கை விடவில்லை.

மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தான்.
அதை மாற்றவில்லை நாங்கள், பழைய டிரம் காலத்தது.
உள்ளேயிருந்து ஒரு வால்வை நெம்பி எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான். பொரிகடலை அளவு.
"இது கொஞ்சம் அழுத்தத்த எப்பவும் பிடிச்சு வச்சிருக்கும்.
டிரம்முக்கு அது வேணும்.
டிஸ்க் தாங்காது."

அதற்குப் பிறகு சக்கரம் கைச்சூட்டுக்கு மேல் போனதில்லை.
இடது பக்கம் மட்டும் இன்னும் இழுக்கிறது.
நாற்பத்தெட்டில் வலது ஒன்று கிடைக்கும்வரை
மலைப்பக்கம் போகாதீர்கள் என்று
மீரான் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டான்.
தங்கச்சனுக்குப் போன் செய்தால்
"உண்டு சாரே, உண்டு" என்கிறான்.
ஐந்து வாரமாக உண்டு.

பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன்.
புளியரையில் என்னை மலையாளத்தான் என்பார்கள்,
ஆரியங்காவில் பாண்டி.
வால்வு சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ராத்திரி இரண்டு மணி.
வளைவில் டேங்கர் ஒன்று வேகம் குறைக்கிற சத்தம்.
மேஜைக்கு அடியில் என் வலது கால்
சிமெண்டுத் தரையை மிதிக்கிறது.
டேங்கர் நின்று, டிரைவர் இறங்கி,
பால் குவளை மேஜைக்கு வந்த பிறகுதான்
கவனிக்கிறேன்,
இன்னும் எடுக்கவில்லை.