இங்கே காக்கை இல்லை

சேர்க்கக் கூடாது, விடக் கூடாது.
நீதிமன்றத்தில் வலக்கை உயர்த்தி
இதைத்தான் சத்தியம் செய்தேன்.
காரைக்காலில் பிறந்து
சேன்-தெனியில் மொழிபெயர்க்கிறவள்;
மணிக்கு இத்தனை யூரோ,
இரவென்றால் கொஞ்சம் கூட.

விமான நிலையத்தை ஒட்டிய விடுதி அது.
நீச்சல்குளத்தை வடித்துவிட்டுச்
சுற்றிலும் கம்பிவேலி போட்டதும்
காத்திருப்பு வலயம் என்று பெயர் வந்தது.
அறுபத்திரண்டு பேர். படகில் இருபத்தாறு நாள்.
மணிக்கட்டில் ஆளுக்கோர் எண்.

பாரிஸிலிருந்து தொலைபேசியில் ஓர் அதிகாரி கேட்டாள்:
பயந்தது எந்தத் தேதியில்?
தவசீலன், முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்துகிறவன்,
வெகுநேரம் யோசித்தான்.
"பயப்படாத தேதியைக் கேளுங்கோ அக்கா,
அதெண்டாச் சொல்லலாம்."
சொன்னதைச் சொன்னேன்.
மறுமுனையில் தட்டச்சு நின்றது.
பிறகு, தேதி தெரியவில்லை
என்று எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஜொசியான் வந்தாள்.
வையாபுரியாக இருக்க வேண்டும்; பதிவேட்டில் வயாபூரி.
மறைமாவட்டத்து அகதிகள் பணிக்குழு என்று கழுத்தில் அட்டை,
தபால் நிலையத்தில் முப்பது வருடம் கத்திய தொண்டை.
கரும்புக்கென்று கப்பலில் வந்திறங்கிய தமிழில்
அவளிடம் மிச்சம் ஒரே சொல்: கலுப்பிலே.
பூசைப் புத்தகத்தைக் காவலர் உதறியபோது
உதிர்ந்ததும் அதுதான்,
கறிவேப்பிலை, இரண்டு கொத்து.
"இது எந்த ஜெபத்துக்கு?"
"பருப்புக்கு," என்றாள்.

கேட்டவை பெரிதில்லை.
கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்.
இரவில் தலை எண்ண வருகிறவர்கள்
முகத்தில் விளக்கடிக்காதிருக்க வேண்டும்.
பிள்ளைத்தாய்ச்சியை மருத்துவரிடம் கூட்டிப்போகையில்
விலங்கு எதற்கு என்று மட்டும்
மூன்று கடிதம் எழுதினாள்.
மூன்றாவதற்குப் பதில் வந்தது: பரிசீலனையில்.

ஞாயிறு காலை பங்குச் சாமியார் மறையுரை சொல்லவில்லை.
அறுபத்திரண்டு பெயரையும் வாசித்தார்.
நான் எழுதிக் கொடுத்த உச்சரிப்பை வைத்துக்கொண்டும்
ழகரம் வந்த இடமெல்லாம் தடுக்கி விழுந்தார்.
நாலு பேர் எழுந்து போனார்கள்.
அதில் ஒருவர் வாசலிலேயே நின்று மறித்தார்:
"நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, ஜொசியான்."
"வேலை கேட்கவில்லை, கஸ்தோன். செருப்பு கேட்டேன்.
உன் அளவு என்ன?"
அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.
திங்களன்று ஒரு மூட்டை வந்தது.
இரண்டு விரல் செருப்புகள்,
எல்லாம் நாற்பத்து மூன்றாம் அளவு.

விடுதிக்கு எதிரே, சாலையோரச் சிவப்புப் பெட்டிக்குள்
புனித எக்ஸ்பெதித். ரோமச் சிப்பாய்.
காலடியில் மிதிபடும் காக்கை.
"இஞ்ச காகமே இல்லை, கவனிச்சனீங்களே அக்கா?
இருக்கிற ஒண்டையும் மிதிச்சுக்கொண்டு நிக்கிறார்."
ஜொசியானிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.
அந்தக் காக்கை லத்தீனில்
நாளை, நாளை என்று கரையுமாம்.
புனிதர் ஏந்திய சிலுவையில்
இன்றே என்று எழுதியிருக்குமாம்.

நீதிபதி எட்டு நாள் என்றார். பிறகு இன்னும் எட்டு.
முப்பத்தொன்பது பேர் வெளியே வந்தார்கள்.
மற்றவர்களை விடியுமுன் ஏற்றினார்கள்.
உத்தரவை வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள்;
சேர்க்கவில்லை, விடவில்லை.
தவசீலனுக்குச் செருப்பு பெரிது.
விமானப் படியில் ஒன்று கழன்று விழுந்தது.
எடுத்துக் கொடுக்க
என் ஒப்பந்தத்தில் இடமில்லை. நின்றேன்.

வேலிக்கு வெளியே ஜொசியான், மழையில்,
விமானம் போன பிறகும் போகாமல்.
"அவன் ஊர்க் காக்கை எப்படிக் கரையும்?"
கா, என்றேன்.
"அப்படியென்றால்?"

அதுதானே என் வேலை. சொன்னேன்:
காப்பாற்று.

ஒன்றும் பேசாமல் பையிலிருந்து தாள் எடுத்தாள்.
என் முதுகில் வைத்து எழுதத் தொடங்கினாள்.
பேனா அழுந்தியது.
"அவன் பெயர்," என்றாள்,
"எழுத்தெழுத்தாகச் சொல்.
ஒன்றையும் விடாமல்."