துரு ஏறட்டும்

சிலைகளைக் குளிப்பாட்டுவது என் வேலை.
டாஸ்மேனியாவின் வடமேற்கில்
மழை பக்கவாட்டில் பெய்கிற ஒரு மேட்டில்
பதினேழு சிற்பங்கள்.
வெண்கலக் குதிரையின் காதிலிருந்து
சிலந்தியைக் கிளப்புவேன்.
கண்ணாடிக் கோளத்தில் தன்னையே எதிரியாகக் கண்டு
கொத்திக் கொத்திச் சோர்கிற நீலக் குருவிக்காக
மதியம் வரை கோளத்தைக் கோணியால் மூடுவேன்.
வந்தவர்கள் கோணியையும் படமெடுப்பார்கள்.

ஒன்பதாம் எண், ஓர் இரும்புச் சுவர்.
நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வாசல்.
பெயர்: அனுமதி.
செய்தவள் இமொஜென் ட்ரெகென்சா.
"துருதான் இதன் தோல், மேவிஸ்.
தேய்த்துவிடாதே" என்றாள்
முதல் நாளே, என் பிரஷ்ஷைப் பார்த்து.

நான் தேய்க்கவில்லை.
தேய்த்தது ஒரு வாம்பட்.

சுவருக்குப் பின்னால் வளை தோண்டியிருந்தது.
இரவுதோறும் வாசலில் நுழைந்து
இடது ஓரத்தில் இடுப்பை உரசிப் போகும்.
போகும்போது பெயர்ப்பலகையின் மேல்
நாலைந்து புழுக்கை,
புள்ளி வைக்க மறந்த பகடைகள் மாதிரி
சதுரம் சதுரமாய்.

உரசிய இடம் ஒரு சாண் அகலத்துக்கு
வெள்ளி போல மின்னத் தொடங்கியது.
பார்க்க வந்த இமொஜென்
புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.
"நான் விட்டதை அது முடித்திருக்கிறது" என்றாள்.
அஞ்சலட்டை அச்சானது.
தேர்வுக்கு முன் அங்கே தொட்டால் நல்லது என்று
யாரோ கிளப்பிவிட,
டெவன்போர்ட்டிலிருந்து பஸ் பஸ்ஸாய்ப் பிள்ளைகள்.

பிப்ரவரியில் ஒரு நாள்
உச்சி வெயிலில் அதைப் பார்த்தேன்.
இரவுப் பிராணிக்குப் பகலில் என்ன வேலை?
முதுகில் மயிர் இல்லை.
வறண்ட குளத்தின் அடி போல வெடித்த தோல்.
பொருக்குத் தட்டி மூடிய கண்.
முட்டி முட்டி வாசலைத் தேடி
அதே ஓரத்தில் சாய்ந்து
தேய்த்தது
தேய்த்தது
நிறுத்தவே முடியாமல்.

நாங்கள் இரண்டு டாலருக்கு விற்றது
ஒரு பிராணியின் அரிப்பை.

தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சில்லை.
மறுநாள் ஹோபார்ட்டிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டி வந்தாள்,
பின்சீட்டில் துளைக்கருவி.
சொறிக்கு மருந்து ஊற்றும் டாட் ஃபேஹி
ஐஸ்கிரீம் டப்பா மூடி ஒன்றைக் கொண்டுவந்தான்.
வெனிலா, இரண்டு லிட்டர்.
மூடியை வாசலில் தொங்கவிட்டு
அதன் மேல் ஒரு சின்னக் கிண்ணம்.
வாம்பட் முட்டி நுழைந்தால்
மருந்து முதுகில் கவிழும்.
ஏழு வருடம் ஒரு கீறலும் ஆகாதென்றிருந்தவள்
தன் இரும்பில் தானே இரண்டு துளை போட்டாள்.
"பிள்ளைகள் தொட வேண்டாம், தொட்டவர் கை கழுவட்டும்"
என்று பலகை எழுதியவளும் அவளே.

செவ்வாய்தோறும் கிண்ணத்தை நிரப்பினேன்.
ஒருவர் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்:
"அந்த மூடி, பார், நம் நுகர்வு வெறியைக் குறிக்கிறது."
மருந்துப் புட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு
நானும் தலையாட்டினேன்.

ஆறாம் வாரம் புழுக்கை நின்றது.
வாசலில் மாவு தூவி வைத்தேன்,
காலையில் மாவு மாவாகவே கிடந்தது.
மின்னிய இடத்தில் மெல்ல ஆரஞ்சுப் படலம்.
துரு ஏறினால்
அரிப்புத் தீர்ந்திருக்க வேண்டும்,
அல்லது அரித்தது தீர்ந்திருக்க வேண்டும்.
இரண்டுக்கும் துரு ஒரே நிறம்தான்.
இமொஜென் வாரம் இரண்டு முறை கூப்பிட்டாள்.
ஒருமுறைகூடச் சிற்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூலை. புல்லெல்லாம் உறைபனி.
பெயர்ப்பலகையில் 'ட்ரெகென்சா'வின் மேல்
நான்கு சதுரங்கள்.
ஆவி பறந்தது.

"அதே வாம்பட்தானா?" என்றான் டாட்.
புழுக்கையில் முகமா தெரியும்?

பலகை துடைப்பதும் என் வேலைதான்.
துணி கையில்தான் இருந்தது.
தேநீர் போடப் போய்விட்டேன்.