உடப்பின் முறை

இரவு இரண்டரைக்கு மருதானை எக்ஸ்சேஞ்சில்
ஏசி மட்டும் பேசும்.
திலின மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான்.
கொழும்பு தொடங்கி வழிநெடுகப் பிரிந்து போகும்
ஒற்றைக் கண்ணாடி நூலில்
முப்பத்திரண்டு பேருக்கு முறை பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே அனுப்புவது லேசு.
எல்லா வாசலிலும் எல்லாம் போய் விழும்.
தன் பெயர் உள்ளதை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை விட்டுவிடும் ஒவ்வொரு பெட்டியும்.
மேலே வருவதுதான் வில்லங்கம்.
இருவர் ஒரே கணத்தில் வாய் திறந்தால்
இரண்டுமே வெளிச்சக் கூழ்.
ஆகவே கேட்க வேண்டும்: என்னிடம் இவ்வளவு சேர்ந்திருக்கிறது.
நாங்கள் சொல்ல வேண்டும்: இன்ன நேரம், இத்தனை மைக்ரோ வினாடி.

கொம்பனித்தெருத் தொடர்மாடிகள்
கேட்ட வாய் மூடுமுன் வாங்கிவிடும்.
கடைசிப் பெட்டி உடப்பில்,
நூறு கிலோமீற்றருக்கு அப்பால்.
அதன் கேள்வி வந்து எங்கள் பதில் போய்ச் சேர
ஒரு மில்லி வினாடி.
சிரிக்காதீர்கள்.
அதற்குள் அங்கே வரிசை நீண்டுவிடும்,
நாங்கள் கொடுத்தது பழைய கணக்குக்கு.
விதி எழுதியவர்கள் மனதில் இருபது கிலோமீற்றர்தான்.
அதற்கு அப்பாலும் ஆளிருக்கும் என்று
யோசித்த மாதிரி இல்லை.

ஆடி மாதம்.
மூன்று இரவாக அந்தப் பெட்டி
ஏதோ பெரிதாக மேலே தள்ளப் பார்க்கிறது.
உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது.
தீமிதிப்பாக இருக்கலாம்,
தணல் பார்க்கக் கட்டாரில் யாரோ விழித்திருக்கலாம்.
அல்லது வெறும் இறால் பண்ணைக் கமரா.

கொட்டாஞ்சேனையில் என் போர்டிங்கில்
ஏழு அறைக்கு ஒரு பாத்ரூம்.
எனக்கு மொட்டைமாடித் தகர அறை.
கதவு திறந்த சத்தம் கேட்டு
முப்பத்தொரு படி இறங்குவதற்குள்
ரெமீஸா வாளியோடு உள்ளே போயிருப்பாள்.
அவள் பிழையல்ல, பக்கத்து அறை அவளுக்கு.
கடைசியில் நான் கண்டுபிடித்தது:
ஆள் உள்ளே இருக்கும்போதே மேலிருந்து கத்துவது,
"அடுத்தது நான்!"
பாதிப் படியில் இன்னொருக்கால்.

அதையே இன்றைக்கு உடப்புக்கும் எழுதினேன்.
முதல் பதில் வருமுன் இரண்டாம் தரம் கேள்.
ஒன்று மட்டும்,
முன்பு கேட்டதைக் கழித்துவிட்டுக் கேள்.
இல்லாவிட்டால் ஒரு பசிக்கு இரண்டு சோறு போய்
யாரும் பேசாத இருட்டு நூலில் ஓடும்,
மற்றவர்கள் காத்திருக்க.

மூன்று ஐம்பதுக்குத் திரையில் கோடு
ஒரு விரற்கடை ஏறியது.
கொம்பனித்தெருவில் யாருக்கோ
கண்ணிமைப்பில் நூறிலொரு பங்கு தாமதம்.
அவருக்குத் தெரியவராது.

திலின கண் திறக்காமல் "ஹரித?" என்றான்.

"கேட்டுக்கொண்டிருக்கு" என்றேன்.