ஒன்பதாம் கேள்வி

சென்னையில் மொழிபெயர்த்து, மதுரையில் திருத்தி,
மூன்று நிபுணர்கள் சுருக்கொப்பம் இட்ட தாள்
காரைக்குடியில் முதல் வாசலிலேயே திக்கியது.

"கடந்த இரு வாரங்களில்
நம்பிக்கை இழந்ததாக உணர்ந்தீர்களா?"

பர்மா காலனியில் ஐராவதி,
அப்பா விட்டுவந்த ஆற்றின் பெயர்,
அத்தோவுக்கு முட்டைக்கோஸ் சீவியபடி சொன்னார்:
"நம்பிக்கைக்கு என்ன, இருக்கு.
நெஞ்சுக்குள்ளதான் பிழியாத துணி ஒண்ணு கிடக்கு.
அதுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களா?"

போடவில்லை.
சுழியம் முதல் மூன்று வரை நான்கே கட்டங்கள்.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்: துணி.

கழனிவாசல் முறுக்குக் கம்பெனியில் துக்கிஷ்யாம்,
ஒடிசாவிலிருந்து வந்து பதினான்கு மாதம்.
அவன் கையிலிருந்தது அடுப்படித் தமிழ்:
மாவு, உப்பு, எண்ணெய் காயுது, சிவந்திருச்சு எடு.
தூக்கம் எப்படி என்றேன். யோசித்தான்.
"சிவந்திருச்சு அக்கா."
சற்றுப் பொறுத்து,
"எடுக்க ஆள் இல்லை."

அதற்கு என்ன மதிப்பெண் என்று அலுவலகம் கேட்டது.
மூன்று என்று போட்டுவிட்டு
புவனேசுவரத்தில் ஒரு குரலைத் தேடிப் பிடித்தேன்.
ஒடியாவில் நாற்பது நிமிடம் பேசினான்.
எனக்கு ஒரு சொல் புரியவில்லை. நல்லது.

பிறகு பள்ளத்தூர்.
ஐம்பத்திரண்டு ஜன்னல் வீட்டில்
பூட்டாத இரண்டு அறைகளில் சிகப்பி, வயது நாற்பத்தொன்று.
எட்டுக் கேள்விக்கும் பேரேட்டைப் பார்த்துச் சொல்வதுபோல் பதில்.
நடுவில் ஒரு சந்தேகம் மட்டும்:
"கோயில் வரியில நான் அரைப்புள்ளி.
புருஷன் போனா பாதிதான்.
உங்க புள்ளிவிவரத்தில எப்படி?"

முழுசு என்றேன்.
"அப்படியா" என்று தலைப்பை இழுத்துச் செருகினார்.

ஒன்பதாவதற்கு நாக்கு கூசும்.
கேட்பது விதைப்பதல்ல என்று
பயிற்சியில் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டிருந்தார்கள்.
தாளைப் பார்க்காமல் கேட்டேன், மழுப்பாமல்,
செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்றே.

வளவில் ஒரு புறா இறங்கி, ஒன்றும் கிடைக்காமல் ஏறிப்போனது.

"தோணும்" என்றார்.
"காலையில பால் வர்றதுக்குள்ள போயிரும்.
இப்பல்லாம் பால் வந்தும் போகமாட்டேங்குது."

கடைசி பஸ்ஸை விட்டேன்.
இடியாப்பம் பிழிந்தார், எனக்கு ஆறு, தனக்கு ஒன்று.
என் தட்டிலிருந்து இரண்டை அவர் தட்டில் வைத்தேன்.
திட்டிக்கொண்டே தின்றார்.

மறுநாள் காரைக்குடியில் டாக்டர் வாசலில்
டோக்கன் பதினேழுக்குக் காத்திருந்தபோது
இடுப்பிலிருந்து ஒரு சாவியை உருவித் தந்தார்.
"கொஞ்ச நாள் உங்கிட்ட இருக்கட்டும்.
நானே கேட்டாலும் உடனே கொடுத்திராத."

ஆய்வு மார்ச்சில் முடிந்தது.
அறிக்கையில் துணி இல்லை, சிவந்ததும் இல்லை.
'பிற' என்று ஒரு வரி இருந்தது.

வெள்ளிதோறும் போன் வரும்.
"சாவி பத்திரமா?"
"பத்திரம் ஆச்சி."
"சரி, இருக்கட்டும்.
பால்காரன் மணி அடிக்கிறான், வைக்கிறேன்."