நிகர எடை

வங்கியில் என் வேலை உரைப்பதும் கழிப்பதும்.
கல் கழித்து, அரக்கு கழித்து,
ஊதிப் பார்த்து அழுக்கும் கழித்து
மிச்சத்தைத்தான் பொன் என்று எழுதுவேன்.

நெடுகுளாவிலிருந்து வந்த மிச்சியம்மாள்
மேசையில் வைத்தது வளையல் அல்ல.
மருந்துச் சீட்டில் மடித்த பைக்கடிகாரம்,
உள்ளங்கை நிறைய மஞ்சள்.
மகன் கோவையில் படுத்திருக்கிறான்,
செவ்வாய்க்குள் கட்ட வேண்டும்.

கோத்தகிரியில் மூன்று மணிக்கே மூடுபனி
கவுண்டர் வரை வந்து வரிசையில் நிற்கும்.
அன்று கரண்டும் போயிற்று.
மணி என்ன என்று இருட்டில் யாரோ கேட்க,
விளிம்பிலிருந்த விசையைத் தள்ளினார் அந்த அம்மாள்.

தணிந்த குரலில் மூன்று.
பிறகு இரட்டைத் தட்டாய் இரண்டு கால்மணி.
பிறகு மெலிதாக ஐந்து.
டோக்கன் நாற்பது இருமலை விழுங்கிக்கொண்டார்.

செல்போன் வெளிச்சத்தில் பின்மூடி திறந்தேன்.
பித்தளைத் தகட்டில்
ஜோசையா பெல்விக், லண்டன், எண் 4417.
கடைசி ஏழின் அடியில் ஓர் ஒன்று
இன்னும் தெரிகிறது.

விக்டோரியா ராணி காலத்து ஆள்.
நடுராத்திரி விழித்தவன்
தீக்குச்சி கிழிக்காமல் நேரம் அறிய
கம்பிச் சுருளுக்குக் கடுகளவு சுத்தியல் செய்தவன்.
அவனுக்கும் ஒரு சாயங்காலம் கை தவறியிருக்கிறது.
நான் ஒரு முலாம் சங்கிலியைத் தங்கம் என்று எழுதி
பதினெட்டு மாதம் சம்பளத்தில் கட்டியவன்.
அந்த ஏழை விரலால் தடவினேன்.

படிவத்தில் "உரிமையாளர்" என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
"இது எங்களோடது இல்லீங்களே."
சிங்கோனா பட்டை, பதினோரு வண்டி.
கூலி தராமல் கப்பலேறிய துரை
பணம் அனுப்பி மீட்டுக்கொள்கிறேன் என்று
லிங்கா கவுடர் கையில் வைத்துப் போனது.
ஐந்து தலைமுறையாகத் துடைத்து வைத்த அடகு.
வட்டி போட்டால் துரையின் ஊரே வந்துவிடும் என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.
பெல்விக்குக்காவது அந்தத் துரை காசு கொடுத்தானா,
யார் கண்டது.

"எந்திரத்துக்குக் கடன் கிடையாது, கழற்றுங்க"
என்றார் மேனேஜர்.

கூடு, பதினெட்டு காரட், நாற்பத்தொன்பது கிராம்.
பற்சக்கரம், மாணிக்கத் துணுக்கு, எஃகு மயிர்ச்சுருள்,
பெல்விக்கின் ஏழு, ஏழுக்கடியில் அந்த ஒன்று,
எல்லாம் கழிவு.

துடித்துக்கொண்டிருந்த கழிவைப்
பஞ்சு வைத்து மிட்டாய் டப்பாவில் கொடுத்தேன்.
விசை கூட்டோடு லாக்கருக்குப் போகிறது,
இனி இந்தப் பல்லைத்தான் மெல்லத் தள்ள வேண்டும் என்றேன்.
அங்கேயே கொண்டை ஊசியை உருவிப் பார்த்தார்.
பொன் உடுப்பில்லாமல் குரல் சிறுத்திருந்தது.
நான்கு. கால்மணி ஏதும் இல்லை. பிறகு இரண்டு.

கரண்ட் வராததால் கையால் எழுதிய ரசீதில்
4.02 என்றே போட்டேன்.
"உரிமையாளர்" என்பதை அடித்துவிட்டு
மேலே "வைத்திருப்பவர்" என்று எழுதிக்
கையெழுத்திட்டிருந்தார் மிச்சியம்மாள்.
மேனேஜர் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார்.
நான் முத்திரை குத்தினேன்.