செவ்வாய் இரவுப் பட்டியல்

ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை.
ஹான்காக் சாலைத்துறைக் கொட்டகையில்
உப்புக் குவியலுக்கும்
கழற்றி வைத்த பனிவாரித் தகடுகளுக்கும் நடுவே
மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தோம், பத்துப் பேர்.
கற்பனைக் கால்பந்தில் எங்களுக்கு இது பதினோராம் பருவம்.
ஏலம் கிடையாது, முறை வைத்துப் பொறுக்குவோம்.
ரெய்னோ லெஹ்டோவின் தொப்பிக்குள் கைவிட்டேன்:
ஏழாவது முறை.

ஜூனிலிருந்தே தயாராகியிருந்தேன்.
மூன்று நிறப் பேனா, கோடு போட்ட நோட்டு,
எந்த அணிக்கு எந்த வாரம் ஓய்வு,
யாருக்குத் தொடைநார் இழுத்திருக்கிறது,
யாருக்கு அக்டோபரில் குழந்தை பிறக்கப்போகிறது.
பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடுகிறவன்
இருபத்தெட்டோடு தேய்ந்துபோவான் என்று
பிறந்த தேதிகளைச் சிவப்பில் சுழித்திருந்தேன்.
எனக்கு நாற்பத்தாறு நடக்கிறது.

டெரல் ப்ரூசார்டை எடுத்தேன். வயது இருபத்துமூன்று.
மேசையில் யாரோ விசிலடித்தார்கள்.
சம்பளப் பிரிவு வெர்னா காங்கஸ் பாதியில் எழுந்து
சிகரெட் பிடிக்கப் போய்விட்டாள்.
அவள் அணியை இயந்திரமே பொறுக்கிக்கொண்டது,
ஒருவர் போதுமான இடத்தில் இரண்டு உதைப்பவர்கள் உட்பட.
சிரித்தோம்.

செப்டம்பர் முழுக்க வெர்னா ஜெயித்தாள்.

அக்டோபர் நடுவில் முதல் பனி.
டீசல் பம்புக்குப் பக்கத்தில் கர்ட் நீமி பேரத்துக்கு வந்தான்,
என் இரண்டு பிடிப்பவர்களுக்கு அவனுடைய ஓர் எறிபவன்.
மாட்டுத் தரகர்கள் மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டாமல்
கையுறைக்குள் விரல்களை எண்ணிக்கொண்டோம்.
படியவில்லை.
காலை நாலு மணிக்குத் தகடு தார்ச்சாலையைச் சுரண்டும்போதும்
அதே கணக்கு: யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது.
உட்காரவைத்தவன் முப்பத்தொரு புள்ளி எடுத்தான்.
இறக்கியவன் மூன்று, சொச்சம்.
அந்தச் சொச்சத்தை நினைத்துக்கொண்டே
ஒரு வீட்டுத் தபால்பெட்டியைச் சாய்த்தேன்.
படிவத்தில் 'பார்வைக் குறைவு, பனி' என்று எழுதினேன்.

ஒன்பதாம் வாரம், ஞாயிறு.
ப்ரூசார்ட் இடப்பக்கம் வெட்டித் திரும்பினான்.
யாரும் தொடவில்லை.
கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் போனது.
அரங்கம் அடங்கிற்று. இரண்டு அணியும் மண்டியிட்டது.
அதற்குள் என் கட்டைவிரல்
அவனுக்கு அடுத்தபடி நிற்கும் பையனின் பெயரைத்
தட்டிக்கொண்டிருந்தது.
செவ்வாய் இரவுப் பட்டியலுக்கு மனு.
அனுப்பிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

புதன்கிழமை, காபி இடைவேளை.
கணக்கு வைத்திருக்கும் ரெய்னோ அச்சடித்துக் கொண்டுவந்தான்.
ஒரே பையனுக்கு ஏழு மனுக்கள்.
நேரத்தோடு வாசித்தான், விளையாட்டாகத்தான்.
இரண்டு பதினாலு. இரண்டு பதினாலு.
இரண்டு பதினைந்து.
இரண்டாவது என்னுடையது. முதலாவது அவனுடையது.
ஐந்தாவதைத் தாண்டும்போது குரல் இறங்கிற்று,
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வெர்னா டோனட்டைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்:
"எழுந்து நடந்தானா, தூக்கிக்கொண்டு போனார்களா?"

ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஏழு பேருக்கும் தெரியவில்லை.

பையன் கர்ட்டுக்குப் போனான்.
இரண்டு வாரம் பறந்தான், அப்புறம் ஒன்றுமில்லை.
ப்ரூசார்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி.
நீக்கவா, நீக்கவா என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.
ஓர் இடம் வீணாகிறதே என்றான் ரெய்னோ,
முட்டாள்தனம் என்றான்.
சரிதான்.
ஒன்பதாவதாக முடித்தேன். பத்தாவது ரெய்னோ;
ஜூலை ஊர்வலத்தில் மூஸ் மான் வேஷம் அவனுக்கு.
கோப்பை வெர்னாவின் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது.
கிளிப் போட்டு வைத்திருக்கிறாள்.

தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.
போகும்போது ஒரு கையை உயர்த்தியிருக்கிறான்.
பிப்ரவரியில் தேடிப் பார்த்தேன்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.